மும்தாஜ் ஒத்துக்கொள்ளாமல் வெட்டிய கோட்டு

தம்பி,

நேற்று சாப்பிட்டுக்கொண்டே நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. குழம்பைச் சுட வைக்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். குழம்பு சூடாகத்தான் இருந்தது. நீயும் பிரபுவும் சேர்ந்து ஆரம்பிக்கப்போகும் கம்பெனிக்கு ஒப்பந்தம் தயாராகிவிட்டது என்றாய். உங்களுக்குள் ஒத்துப்போகாவிட்டால் கடைசி முடிவு உன்னுடையதுதான் என்று அதில் ஒரு வரி சேர்த்திருப்பதாகவும், பிரபு அதை இன்னும் சரியாகப் படித்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னாய். பிறகு, "மும்தாஜம்மாவும் நீயும் எப்படிம்மா பண்ணீங்க? உங்க ரெண்டு பேர்ல யார் சொல்றது கடைசி?" என்று கேட்டாய். இத்தனை வருஷத்தில் யாரும் எங்களைக் கேட்காத கேள்வி அது. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூருக்குக் கிளம்பிவிடுவாய். நேரில் உட்கார்ந்து சொன்னால் நடுவில் நீ போனை எடுப்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

மும்தாஜை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். நாங்கள் துணி வெட்டும் மேஜைக்கு அடியில், வெட்டிப்போட்ட சாட்டின் துண்டுகளின் மேல் தூங்கி வளர்ந்தவன் நீ. எனக்கு அவள் பழக்கமானது பாலிடெக்னிக்கில், ஆடை வடிவமைப்பு படித்தபோது. உன் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர். அவள் அப்பா பேசின் பிரிட்ஜில் லேத் பட்டறை வைத்திருந்தார். முதல் மாதம் எங்களை ஆளுக்கொரு சுடிதார் வரைந்து வரச் சொன்னார்கள். நான் வரைந்ததை வகுப்பே சுற்றி நின்று பார்த்தது. மும்தாஜ் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சோக்காக் கீது. இத்தப் போட்டுக்கினு பஸ்ல ஏற முடியுமா?" என்றாள். ஏற முடியாது. காலை எட்டி வைக்கவே அதில் இடமில்லை. அழுகையும் ஆத்திரமுமாக அன்று வீட்டுக்குப் போய் அந்தப் படத்தை மாற்றி வரைந்தேன். மறுநாள் அவளிடம்தான் முதலில் காட்டினேன். அப்போதிருந்து எங்கள் வேலை அப்படியே நடக்கிறது. நான் வரைவேன், நிறம் பார்ப்பேன். அந்த உடுப்புக்குள் ஒருத்தி நடப்பாள், குனிவாள், பிள்ளையைத் தூக்குவாள் என்பதை யோசித்து அவள் வெட்டுவாள். ராயபுரத்து மாதா கோயில் கல்யாணங்களுக்கு வெள்ளை கவுன், வண்ணாரப்பேட்டை நிக்காவுக்கு ஷராரா, திருவொற்றியூர் முகூர்த்தங்களுக்கு ஜாக்கெட் என்று மருந்துக் கடை மாடியில் எங்கள் தொழில் வளர்ந்ததெல்லாம் உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாதது, நீ கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது. கொரோனா அடங்கியிருந்த சமயம். அப்போதும் கல்யாணங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்து முடிந்தன. கவுன் கேட்டு யாரும் வரவில்லை. உன் அப்பா வேலை பார்த்த கன்டெய்னர் யார்டை மூடிவிட்டார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். மும்தாஜ் வீட்டிலும் அவள் கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவள் கைதான் எல்லாமே. அப்போதுதான் மணலிப் பக்கத்திலிருந்து ஒரு தொழிற்சாலை எங்களைக் கூப்பிட்டது. பெயர் வேண்டாம். பொட்டலம் கட்டும் பிரிவில் முழுக்கப் பெண்கள். அவர்களுக்குச் சீருடை வேண்டும்: சுடிதார், அதே நிறத்தில் கம்பெனி முத்திரை போட்ட துப்பட்டா. அன்று சாயங்காலமே படத்தை வரைந்து முடித்துவிட்டேன். கடல் நிறத்தில் கரும்பச்சைக் கரை. மாடல் துணி தைத்துக் கொடுத்தோம், முதலாளிக்குப் பிடித்துவிட்டது. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மும்தாஜ் மட்டும் வேலை நடக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "யாருக்குத் தெக்கிறோம்னு பாக்காம நா எப்டி வெட்டுவேன்?" என்றாள். போனோம். நீளமான பெல்ட் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் பெண்கள் குனிந்து குனிந்து பெட்டிகளை எடுத்தார்கள். பெல்ட் போய்த் திரும்புகிற முனையில் உருளைகள் சுழன்றன. அந்த முனையில் நின்றவள் பெயர் அமுதா. மாத்தூரிலிருந்து வருகிறவள், அந்த வரிசைக்கு அவள்தான் தலைவி. ஒவ்வொரு தடவை குனியும்போதும் தோளிலிருந்து சரிந்த துப்பட்டாவை அவள் முழங்கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள். மும்தாஜ் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்.

"துப்பட்டா வேணாம்."

"என்னடி சொல்றே? அவங்க கேட்டதே துப்பட்டாதான்."

"இஸ்துக்கினு பூடும்டி. பாத்தல்ல? ஒருநா இல்லாங்காட்டி ஒருநா இஸ்துக்கினு பூடும்."

"அதுக்குத்தான் பின் குத்திக்கச் சொல்லியிருக்காங்க."

"பின் குத்துனா துணி கயலாது. கயலலன்னா இன்னா ஆவும்? களுத்துதான் போவும்."

திருவொற்றியூர் வரைக்கும் சண்டை போட்டோம். அந்த மெஷினை நாமா அங்கே வைத்தோம் என்று கேட்டேன். நாம் மறுத்தால் வேறு யாராவது தைத்துக் கொடுக்கத்தான் போகிறார்கள் என்றேன். உன் ஹாஸ்டல் பணம் கட்ட வேண்டும், உன் அப்பாவுக்கு வேலை இல்லை என்றேன். அவள் எதற்கும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இறங்கும்போது, "எங்க அண்ணன் பட்டறைக்கு வா. நீயே பாரு. பாத்துட்டு நீ தெக்கலாம்னு சொன்னா தெப்போம்" என்றாள்.

அவள் வாயை அடைக்கத்தான் போனேன் தம்பி, வேறொன்றுமில்லை. பேசின் பிரிட்ஜ் பட்டறையை அப்போது அவள் அண்ணன் சலீம் பார்த்துக்கொண்டிருந்தார். கடையிலிருந்து எங்கள் ஆளுயரப் பொம்மையை ஆட்டோவில் கொண்டுபோனோம். எத்தனை மணப்பெண்களின் கவுனை அதன் மேல் போட்டுப் பார்த்திருப்போம்! அதற்கு நாங்கள் தைத்த சீருடையைப் போட்டு, தொழிற்சாலைக்காரர்கள் சொன்ன மாதிரியே இரண்டு தோளிலும் பின் குத்தி, மோட்டாரில் மாட்டிய உருளை ஒன்றின் முன்னால் நிறுத்தினோம். சலீம் அண்ணன் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். "துணி பட்டதும் நிறுத்திடுறேன்மா, பயப்படாத" என்றார். மும்தாஜ் ஒரு கழியால் துப்பட்டாவின் நுனியைத் தள்ளிவிட்டாள்.

நான் பார்த்ததை எப்படி எழுதுவது? துணி போவதை என் கண் பார்க்கவே இல்லை. பொம்மை குனிவதைத்தான் பார்த்தேன். யாரோ கழுத்தைப் பிடித்து இழுத்த மாதிரி அது முன்னால் குனிந்தது, தலை போய் உருளையில் மோதியது, கழுத்து முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் சலீம் அண்ணன் சுவிட்சை அணைத்தார். சுவிட்சிலிருந்து அவர் கையை எடுக்கவே இல்லை. எடுக்காமலே இருந்தும் தாமதமாகிவிட்டது. மும்தாஜ் என்னைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த பொம்மையின் தலையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். நான் சொன்னது இதுதான்: "சரி. வேற வரையறேன்."

அந்த வாரம் நாங்கள் வேலை செய்த மாதிரி அதற்கு முன் செய்ததில்லை. துப்பட்டா கேட்கிற பெண்கள் மறைப்புக்காகத்தான் கேட்கிறார்கள். அந்த மறைப்பு வேண்டும், தொங்குகிற முனை கூடாது. கழுத்து மூடிய, மார்பில் இரண்டடுக்கு வைத்த, இடுப்புக்குக் கீழே இறங்குகிற கோட்டு ஒன்றை வரைந்தேன். மும்தாஜ் முன்பக்கம் முழுக்க டிச் பட்டன் வைத்தாள். எந்த இடத்தைப் பிடித்து இழுத்தாலும் பட்டன்கள் விட்டுக்கொண்டு கோட்டே கழன்று போய்விட வேண்டும் என்பது அவள் கணக்கு. தலையை மூட விரும்புகிறவர்களுக்கு ஒற்றைப் பட்டனில் நிற்கும் குல்லா. பொம்மைக்குப் புதுக் கழுத்து வைத்து மறுபடி மறுபடி அந்த உருளை முன்னால் நிறுத்தினோம். பட்டன் இறுக்கமாக இருந்தால் பொம்மை ஆடியது, தளர்வாக இருந்தால் குனிந்தாலே திறந்தது. கடைசியில் ஒரு தடவை கோட்டு மட்டும் உருளைக்குள் போனது, பொம்மை நின்ற இடத்திலேயே நின்றது. சலீம் அண்ணன் கை தட்டினார். நான் அழுதுவிட்டேன்.

இனி ஆர்டர் நமக்குத்தான் என்று நம்பினேன். அந்தக் கோட்டை அமுதாவுக்குப் போட்டுவிட்டு மேலாளர் முன்னால் நிறுத்தினோம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையை மேலே தூக்கினாள், குனிந்தாள், "லேசா கீதுக்கா, தோள் வலியே இருக்காது போல" என்றாள். மேலாளர் அவளைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

"மேடம், துப்பட்டா இல்லாம பொம்பளைங்களை நிக்கவைக்கச் சொல்றீங்களா? நாளைக்கு அவங்க வீட்டு ஆளுங்க வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

மும்தாஜ் தன் தலையில் இருந்த முக்காட்டைத் தொட்டுக் காட்டினாள். "சார், நான் வெவரம் தெரிஞ்ச நாள்லேந்து இத்த எறக்குனதில்ல. நானே சொல்றேன். மெஷின் முன்னால வேணாம் சார்."

"நீங்க டிசைனர். அழகா தைச்சுக் குடுங்க, போதும். சேஃப்டி எங்க வேலை. துப்பட்டாவோட முடியும்னா சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆள் வெளியிலேயே உக்காந்திருக்கார்."

வேற ஆள் உட்கார்ந்திருந்தது உண்மைதான். வரும்போது பார்த்தோம். துப்பட்டாவைப் பாதியாக்கி, கோட்டோடு சேர்த்துத் தைத்துவிட்டால் என்ன என்று மும்தாஜின் காதில் கேட்டேன். "தெச்சா விடாதுடி" என்றாள். அவ்வளவுதான். அமுதாவின் உடம்பிலிருந்து கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். "வா, போலாம்" என்றாள். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஆர்டர் கிடைத்திருக்கும். என் வாய் வரைக்கும் வந்தது. பொம்மை குனிந்தது கண்ணில் நின்றது, பேசவில்லை. அவளுக்குப் பின்னால் நடந்தேன்.

அதற்கப்புறம் வந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. உன் அப்பா மாதவரத்தில் ஒரு கிடங்கில் இரவுக் காவலுக்குப் போனார். மும்தாஜும் நானும் பழைய புடவைகளுக்கு ஃபால்ஸ் வைத்துக் கொடுத்தோம். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு பேச்சும் இல்லாமல் நாள் முழுக்கத் தைத்திருக்கிறோம். அவளும் ஒரு நாளும், "நா சொன்னது சரிதானே" என்று கேட்டதில்லை. மத்தியானம் மட்டும் தன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளிவிடுவாள். நான் சாப்பிடுவேன்.

அமுதாவுக்கு நடந்தது ஆடி மாதத்தில். செய்தி எங்களுக்கு மருந்துக் கடைப் பையன் வழியாக வந்தது. பின் குத்திய துப்பட்டா உருளையில் சிக்கிவிட்டது. பக்கத்தில் நின்றவள் ஓடிப்போய் மெஷினை நிறுத்தியதால் உயிர் பிழைத்தாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காரை எலும்பு முறிந்து, கழுத்தைச் சுற்றிக் கருநீலத் தடத்தோடு படுத்திருந்தாள். தொண்டையில் அடிபட்டதால் குரல் எழும்பவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. மும்தாஜ் அவள் வாயருகே காதை வைத்துக் கேட்டாள். என்ன சொன்னாள் என்று பிறகு நான் கேட்டபோது, "'அக்கா, அந்தக் கோட்டு இன்னும் கீதா?'ன்னு கேட்டாடி" என்று சொல்லிவிட்டு வராந்தாவில் சுவரோரமாகக் குந்திவிட்டாள். அவள் அப்படி உடைந்து அழுது நான் பார்த்தது, அவள் கணவரை எடுத்த அன்றைக்கு அப்புறம் அப்போதுதான்.

அடுத்த வாரமே தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. மேலாளர் மாறியிருந்தார். அந்தக் கோட்டைத்தான் கேட்டார்கள், அதுவும் உடனே. போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். மும்தாஜ் கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் போட்டாள்.

"முடியாதுன்னு சொல்லு."

"மும்தாஜ்..."

"அவ தொண்டைய வாங்கிக்கினு இப்ப வர்றானுங்களா? அந்தப் படியில நா ஏற மாட்டேன். அவனுங்களுக்கு ஒரு காஜா கூட என் கையால போட மாட்டேன்."

"அமுதா பக்கத்துல நின்ன பொண்ணுங்க இன்னிக்கும் அதே பெல்ட்லதான் நிக்குதுங்க. இந்த நிமிஷம் துப்பட்டாவோட நிக்குதுங்க."

"அன்னிக்கு நீதான் ஆர்டர் ஆர்டர்னு நின்னே. இன்னிக்கும் அதானே?"

தம்பி, அந்த வார்த்தை எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று சொல்ல முடியாது. எழுந்து கீழே இறங்கிப் போய்விடலாம் என்று நினைத்தேன். போயிருந்தால் அந்தக் கடை அன்றோடு முடிந்திருக்கும். நான் போகவில்லை. "அப்படியே வெச்சுக்கோ. நான் ஒத்துக்கிட்டாச்சு. நீ வெட்டலேன்னா நானே வெட்டுவேன். உன் அளவுக்கு எனக்கு வெட்ட வராது, பட்டன் விடாது, அப்புறம் எவளுக்காவது ஏதாவது ஆச்சுன்னா அது நம்ம ரெண்டு பேர் மேலேயும்தான்" என்றேன். அவள் பர்தாவை எடுத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். மறுநாள் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த ஒரு நாளில் நான் பயந்த மாதிரி உன்னைப் பிரசவிக்கப் போனபோதுகூடப் பயந்ததில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் கடையைத் திறக்கப் போனால், கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. மேஜையில் துணி விரித்திருந்தது. மும்தாஜ் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"நா ஒத்துக்கல" என்றாள். "வெட்டறேன். ஆனா நா ஒத்துக்கல. அந்த ஆபீஸ் ரூமுக்கு நீ தனியாத்தான் போவணும். அப்பால, ஒவ்வொரு கோட்டையும் அமுதா கையில குடுத்து, அவ சரின்னு தலையாட்டுனாத்தான் இங்கேர்ந்து போவும்."

அப்படியே நடந்தது. அமுதா கழுத்தில் பட்டையோடு எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டையும் வாங்கி இழுத்துப் பார்த்தாள். சரியாக விடாததைத் தூக்கி எறிந்தாள். பேச முடியாததால் எறிவதுதான் அவள் பேச்சு. பாதியைத் திரும்பத் தைத்தோம். இப்போது அவள் எங்கள் கடையிலேயே வேலை பார்க்கிறாள். நீ வரும்போதெல்லாம் கிசுகிசுப்பாக, "சாப்டியா தம்பி?" என்று கேட்பாளே, அவள்தான். அவளுக்கு ஏன் குரல் அப்படி என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். முதல் தடவை மும்தாஜ் சொன்னது நடந்தது, இரண்டாம் தடவை நான் சொன்னது நடந்தது. இரண்டு தடவையும் மற்றவள் மனசார ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அவள், அந்தத் தொழிற்சாலைக்குத் தைத்தது தப்பு என்றுதான் சொல்கிறாள். ஆனால் கடைசிச் சொல் யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். என்னுடையது என்று எழுதியிருந்தால், முதல் நாளே நாங்கள் அந்தத் துப்பட்டாவைத் தைத்திருப்போம். அமுதாவின் கழுத்தில் இறுகியது நான் வரைந்த கரும்பச்சைக் கரையாக இருந்திருக்கும். அவளுடையது என்று எழுதியிருந்தால், மற்ற பெண்கள் அதே உருளை முன்னால் இன்னும் துப்பட்டாவோடு நின்றுகொண்டிருப்பார்கள். பிரபு உன்னை எதிர்த்துப் பேசும் நாளில், அவன் சொல்வதைக் கேட்காமலிருக்க உனக்கு ஒரு வசதி வேண்டும் என்றுதான் அந்த வரியைப் போட்டிருக்கிறாய். எனக்கும் அந்த வசதி பிடித்திருக்கும். என் கையில் அது இல்லாமல் போனதால் பட்டறைக்குப் போனேன், பார்த்தேன். உன் ஒப்பந்தம் உன் விருப்பம், நான் தலையிடவில்லை. பிரபுவுக்கு மட்டும் அந்த வரியை நீயே வாசித்துக் காட்டு. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசி.

கோட்டுகள் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு சாயங்காலம் மும்தாஜை வற்புறுத்தி மணலிக்குக் கூட்டிப்போனேன். உள்ளே வரமாட்டேன் என்றாள். எதிர்ப்பக்கம் லாரிகள் நிற்கும் இடத்தில் நின்றுகொண்டோம். ஷிப்ட் முடிந்து பெண்கள் கும்பலாக வெளியே வந்தார்கள். கடல் நிறக் கோட்டு, கரும்பச்சைக் கழுத்து. சிலர் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள், சிலர் குல்லாவோடு பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒருத்தி ஓடுகிற பஸ்ஸின் படியில் தாவி ஏறினாள். நான் மும்தாஜின் கையைப் பிடித்துக்கொண்டேன். கண் கலங்கியிருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தப் பெண்களின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கெட்டு சின்னதாப் பூட்சிடி" என்றாள். "போனு பாதி வெளிய நிக்குது பாரு. நீ வரஞ்ச அளவு."

"நீ வெட்டினது."

"நீ வரஞ்சத்தத்தான் வெட்டுனேன்."

திருவொற்றியூர் வரும் வரைக்கும் ஆட்டோவில் அதே சண்டைதான். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அன்புடன்,
அம்மா